குழு முழுவதையும் இருபடிச் சரிபார்ப்புக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கணக்குகளையும் லாகின்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். சில குழுக்களை இருபடிச் சரிபார்ப்புக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் தவறாகச் செய்து, எல்லோருடைய நம்பிக்கையையும் இழந்தேன். கீழே உள்ள கேள்விகளில் பாதி குழுத் தலைவர்கள் கேட்டவை, பாதி அவர்களிடம் வேலை செய்பவர்கள் கேட்டவை.

இருபடிச் சரிபார்ப்பு என்றால் சரியாக என்ன?

பாஸ்வேர்ட் என்பது உங்களுக்குத் தெரிந்த ஒன்று. ஃபோன் உங்கள் கையில் இருக்கும் ஒன்று. கைரேகை உங்கள் உடம்பிலேயே இருக்கும் ஒன்று. இந்த மூன்று வகைகளில் ஏதேனும் இரண்டைக் கேட்டால் அது இருபடிச் சரிபார்ப்பு. ஏடிஎம்மில் கார்டும் பின் நம்பரும் சேர்ந்தால்தான் பணம் வருகிறது. அதே கணக்குதான் இங்கேயும். பாஸ்வேர்டோடு சேர்த்து 'உங்கள் முதல் பள்ளியின் பெயர் என்ன' என்று கேட்பது இதில் சேராது. இரண்டுமே தெரிந்த விஷயம், இரண்டையுமே இன்னொருவர் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியும்.

என் பாஸ்வேர்ட் 16 எழுத்து. அது போதாதா?

ஊகித்துக் கண்டுபிடிக்க முயல்பவனுக்கு அது தடைதான். ஆனால் இன்று பெரும்பாலும் யாரும் ஊகிப்பதில்லை. வேறொரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலை எடுத்து, அதே மெயில் ஐடியையும் அதே பாஸ்வேர்டையும் பத்து இடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் போலிப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து நம் கையாலேயே அடிக்க வைக்கிறார்கள். இரண்டு வழியிலும் பாஸ்வேர்டின் நீளம் உதவாது.

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தைத் தாக்கியவர்கள், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் வழி) கணக்கின் மூலமாகத்தான் உள்ளே போனார்கள். அந்தக் கணக்குக்கு இரண்டாம் படி இல்லை. பாஸ்வேர்ட் லேசானதாக இருக்கவில்லை, சிக்கலானதுதான் என்று அதன் தலைமை அதிகாரியே பிறகு செனட்டில் சொன்னார். எரிபொருள் குழாய் 5 நாட்களுக்கு மேல் நின்றது. சுமார் 44 லட்சம் டாலர் மதிப்புள்ள பிட்காயினைத் தாக்கியவர்களுக்கு மீட்புத்தொகையாகக் கொடுத்தார்கள்.

யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் யாரும் செய்வதும் இல்லை. ஏன்?

பயம். இதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். 'அவசரமான நேரத்தில் என் கணக்கே என்னை வெளியே நிறுத்திவிட்டால்?' என்பதுதான் பெரும்பாலோர் மனதில் ஓடுகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அடுத்த வாரம் போட்டுடறேன் சார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நான் தவறு செய்த குழுவில் நடந்தது இது. ஒரு திங்கட்கிழமை எல்லோருக்கும் மெயில் போட்டேன்: வெள்ளிக்குள் முடித்துவிடுங்கள். பெரும்பாலோர் முடித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, சம்பளம் போட வேண்டிய நாளன்று, கணக்குப் பிரிவில் இருந்த அக்காவின் ஃபோன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. ஃபோன் இல்லாதபோது உள்ளே போக உதவும் எண்களான பேக்கப் கோடுகளை எடுத்து வைக்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அட்மின் நான் ஒருவன்தான், அன்று விடுப்பில் பயணத்தில் இருந்தேன். மாலை ஐந்து மணிக்கு நான் லேப்டாப்பைத் திறக்கும் வரை, அவர் திரையில் ஆறு இலக்கத்தைக் கேட்கும் அந்தச் சின்னப் பெட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது. எல்லோருக்கும் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு அங்கே அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறியது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, நான்தான் செய்தேன்.

அதனால் இன்று எந்தக் குழுவுக்குப் போனாலும், ஃபோன் தொலைந்தால் என்ன செய்வோம் என்பதை முதலில் எழுதி, செய்தும் காட்டுகிறேன். இரண்டாம் படியைப் போடச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

சரி, ஃபோன் தொலைந்தால் என்ன செய்வது?

மூன்று ஏற்பாடுகள் வேண்டும், மூன்றும் முன்கூட்டியே.

முதலாவது, பேக்கப் கோடுகள். கூகுள் கணக்கில் கேட்டால் 8 இலக்கக் கோடுகள் 10 கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். புதிய பட்டியல் எடுத்தால் பழையது செல்லாது. இவற்றைப் பிரிண்ட் எடுத்துப் பர்ஸிலோ வீட்டு அலமாரியிலோ வைக்கச் சொல்லுங்கள். ஃபோனிலேயே ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால் ஃபோனோடு சேர்ந்து அதுவும் போய்விடும். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள் என்பது என் அனுபவம். அதனால் 'பத்திரமாக வைத்தீர்களா' என்று நான் கேட்பதில்லை, 'எங்கே வைத்தீர்கள்' என்று கேட்பேன்.

இரண்டாவது, ஒருவருக்கு இரண்டு வழிகள். ஃபோனில் கோடு காட்டும் செயலியோடு ஒரு செக்யூரிட்டி கீ (கணினியில் செருகும் சின்னச் சாவி), அல்லது இரண்டு கீ. ஒன்று தொலைந்தால் இன்னொன்று.

மூன்றாவது, குறைந்தது இரண்டு அட்மின்கள். இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்கக் கூடாது என்பதும் இந்த ஏற்பாட்டில் சேரும்.

உண்மையில் ஃபோன் தொலைவதைவிட அடிக்கடி நடப்பது ஃபோன் மாற்றுவது. புது ஃபோன் வந்த உற்சாகத்தில் பழையதை ரீசெட் செய்து யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், கோடுகள் அதோடு அழிந்துவிடும். கோடு காட்டும் செயலிகளில் ஒன்றான கூகுள் ஆத்தென்டிகேட்டர், 2023 ஏப்ரலில் கோடுகளைக் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதியைக் கொடுத்தது. அதற்கு முன்பு நாமாகத்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தச் செயலியாக இருந்தாலும் பழைய ஃபோனை அழிக்குமுன் புது ஃபோனில் ஒரு முறை லாகின் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

அட்மினிடம் வந்து 'ஃபோன் தொலைந்துவிட்டது, ரீசெட் செய்துகொடுங்கள்' என்று யாராவது ஏமாற்றினால்?

நடந்திருக்கிறது. 2021இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் ஸ்லாக் என்ற அலுவலக சாட்டில், 10 டாலருக்கு வாங்கிய திருட்டுக் குக்கீயை (ஒருவர் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதைக் காட்டும் பிரௌசர் பதிவு) வைத்து நுழைந்தவர்கள், ஐடி உதவிப் பிரிவில் உள்ளவரிடம் 'நேற்றிரவு பார்ட்டியில் ஃபோனைத் தொலைத்துவிட்டேன்' என்று சொல்லி லாகின் டோக்கனை வாங்கிக்கொண்டதாகச் செய்தி வந்தது. விளையாட்டுகளின் மூல நிரல் களவுபோனது.

அதனால் கோரிக்கை வந்த வழியிலேயே அதற்குப் பதில் சொல்லாதீர்கள். சாட்டில் கேட்டால், ஏற்கெனவே பதிவில் இருக்கும் நம்பருக்கு நீங்கள் கூப்பிடுங்கள். அல்லது வீடியோ காலில் முகத்தைப் பாருங்கள், அவருடைய மேலாளரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். 'என்னை நம்பவில்லையா' என்று மனம் புண்படுபவர்கள் இருப்பார்கள். இந்த விதி எல்லோருக்கும் பொது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சங்கடம் வராது.

எந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது?

மெயில். மற்ற எல்லாக் கணக்குக்கும் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா' என்று அழுத்தினால் லிங்க் வந்து விழுவது அங்கேதான். அடுத்து பாஸ்வேர்ட்களைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர், பணம் போகும் கணக்குகள், கோப்புகள் இருக்கும் கிளவுட், மென்பொருள் நிரல்களை வைக்கும் களஞ்சியம். டொமைன் (இணையதள முகவரி) பதிவு செய்த கணக்கைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அது எப்போதோ யாரோ ஒருவரின் தனிப்பட்ட மெயில் ஐடியில் திறக்கப்பட்டு, வருடத்துக்கு ஒரு முறை பணம் கட்டும்போது மட்டும் நினைவுக்கு வரும். அந்தக் கணக்கு கைமாறினால் உங்கள் இணையதளமும் மெயிலும் சேர்ந்தே போய்விடும்.

நாங்கள் ஆறு பேர். எங்களிடம் திருட என்ன இருக்கிறது?

உங்கள் பெயர் இருக்கிறது. உங்கள் மெயிலுக்குள் நுழைபவர் உடனே எதையும் எடுப்பதில்லை. சில வாரங்கள் சும்மா உட்கார்ந்து படிப்பார். எந்த வாடிக்கையாளர் எப்போது பணம் அனுப்புகிறார், நீங்கள் எப்படி எழுதுவீர்கள், இன்வாய்ஸ் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்வார். பிறகு ஒரு நாள் உங்கள் முகவரியிலிருந்தே, உங்கள் நடையிலேயே, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது' என்று ஒரு மெயில் போகும். வாடிக்கையாளர் சந்தேகப்பட ஒரு காரணமும் இருக்காது. சின்னக் குழுவில் இதைக் கவனிக்கவென்று தனி ஆள் இல்லாததால், பணம் வரவில்லையே என்று நீங்கள் கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

முதலில் யார் போட வேண்டும்?

தலைவர். அதற்கு அடுத்து அட்மின் உரிமை உள்ளவர்கள். 'சாருக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அவர் எப்போதும் பயணத்தில் இருக்கிறார்' என்று ஒரு விதிவிலக்கு கொடுத்த நாளிலேயே உங்கள் முயற்சி நின்றுவிடும். அதிக அதிகாரம் உள்ள கணக்கு திறந்து கிடக்கிறது என்பது ஒரு பக்கம். மற்றவர்கள் அதைப் பார்த்து, இது அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவது இன்னொரு பக்கம்.

எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வருகிறதே, அது போதாதா?

ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். வேறு வழியே கொடுக்காத சேவையில் அதையாவது போட்டுவிடுங்கள்.

ஆனால் ஃபோன் நம்பர் உங்கள் கையில் இருப்பதில்லை, தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உங்கள் பெயரில் இன்னொரு சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அங்கே போகும். 2018 ஜூனில் ரெடிட் நிறுவன ஊழியர்கள் சிலரின் கணக்குகளுக்குள் ஆட்கள் நுழைந்தபோது, இரண்டாம் படி இருக்கத்தான் செய்தது. எஸ்எம்எஸ்ஸை இடைமறித்து அதைத் தாண்டினார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இலேயே தன் வழிகாட்டியில் எஸ்எம்எஸ்ஸைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய வகையில் வைத்துவிட்டது. தேர்ந்தெடுக்க முடிந்தால் செயலி, அதைவிட நல்லது செக்யூரிட்டி கீ அல்லது பாஸ்கீ (ஃபோனிலோ கணினியிலோ இருந்து, கைரேகையாலோ பின் நம்பராலோ திறக்கும் டிஜிட்டல் சாவி).

செயலிக்கு நெட் வேண்டுமா? சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

வேண்டாம், விமானத்துக்குள்ளும் கோடு வரும். முதல் நாள் நீங்கள் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது உங்கள் ஃபோனிலும் சர்வரிலும் பதிந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அந்த நேரத்தையும் வைத்து, வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு முறை ஒரே கணக்கைப் போடுகின்றன, விடை ஆறு இலக்கம். இது 2011இல் ஆர்எஃப்சி 6238 என்று வெளியான பொதுத் தரம். அதனால்தான் எந்த நிறுவனத்தின் செயலியாக இருந்தாலும் வேலை செய்கிறது.

நேரம் கணக்கில் வருவதால் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தம்பி மூன்று நாளாக 'கோடு தப்பு தப்புன்னே வருது' என்று புலம்பிக்கொண்டிருந்தான். செயலியை நீக்கி மறுபடி போட்டுப் பார்த்தோம், பலனில்லை. கடைசியில் அவன் ஃபோனை மேசையில் என் ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது: அவன் கடிகாரம் ஏழு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குத் தாமதமாகக் கூடாது என்று அவனே கைப்பட மாற்றி வைத்திருக்கிறான். தானியங்கி நேரத்துக்கு மாற்றியதும் அடுத்த கோடே வேலை செய்தது.

இன்னொன்று. அந்தக் கியூஆர் படத்தை எடுத்துக் குழு சாட்டில் போடாதீர்கள். அதை ஸ்கேன் செய்யும் எவருக்கும் உங்கள் கோடுகள் வரும்.

என் சொந்த ஃபோனில் அலுவலகச் செயலியை ஏன் போட வேண்டும்?

இது நியாயமான கேள்வி, எரிச்சலோடு பதில் சொல்லக் கூடாது. கோடு காட்டும் செயலி வேறு, ஃபோனையே அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் வைக்கும் மேலாண்மைச் செயலி வேறு. முதல் வகை உங்கள் படங்களையோ மெசேஜ்களையோ அலுவலகத்துக்குக் காட்டாது. நீங்களே விரும்பிய செயலியைத் தேர்ந்தெடுக்கலாம், சொந்தக் கணக்குகளுக்கும் அதையே பயன்படுத்தலாம். இதை விளக்கிய பிறகும் ஒருவர் வேண்டாம் என்றால் விவாதிக்காதீர்கள். அலுவலகச் செலவில் ஒரு செக்யூரிட்டி கீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவருக்குக் கிடைப்பது செயலியைவிடப் பாதுகாப்பானது.

போலிப் பக்கத்தில் கோடையும் அடித்துவிட்டால்?

அடித்தால் போய்விடும். போலிப் பக்கம் அந்தக் கோடை அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிடும். எஸ்எம்எஸ், செயலி இரண்டுக்கும் இந்தப் பலவீனம் உண்டு.

செக்யூரிட்டி கீயும் பாஸ்கீயும் இங்கேதான் வேறுபடுகின்றன. தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் அவை பதில் சொல்லும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நம் கண் ஏமாறலாம், கீ ஏமாறாது. 2022 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்குப் போலி மெசேஜ் போனது. மூன்று பேர் நம்பிப் பாஸ்வேர்டையும் அடித்துவிட்டார்கள். அங்கே எல்லோரிடமும் செக்யூரிட்டி கீ இருந்ததால் யாரும் உள்ளே வர முடியவில்லை. அதே சமயத்தில் இதே மாதிரியான தாக்குதலில் ட்விலியோ நிறுவனத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் கீ வாங்க முடியாது என்றால் அட்மின்களுக்கும் பணத்தைக் கையாள்பவர்களுக்கும் மட்டுமாவது வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு.

'நீங்கள்தானா?' என்று ஃபோனில் அடிக்கடி கேட்கிறது. நான் எதுவும் செய்யவில்லையே?

மறுத்துவிட்டு உடனே அட்மினிடம் சொல்லுங்கள். உங்கள் பாஸ்வேர்ட் யாரிடமோ போய்விட்டது என்பதற்கு அடையாளம் அது. 2022 செப்டம்பரில் ஊபரில் ஓர் ஒப்பந்த ஊழியருக்கு இப்படித் திரும்பத் திரும்பக் கோரிக்கை வந்துகொண்டே இருந்தது. முதலில் அனுமதிக்காதவர் கடைசியில் ஒன்றை ஏற்றுக்கொண்டார், அந்த வழியில் உள்ளே போய்விட்டார்கள். திரையில் தெரியும் எண்ணை ஃபோனில் அடிக்கச் சொல்லும் முறை இதைத் தடுக்கத்தான் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்திலிருந்து அதைக் கட்டாயமாக்கியது. உங்கள் சேவையில் அந்த வசதி இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கோடு அடிக்க வேண்டுமா?

வேண்டாம். சொந்த லேப்டாப்பில் 'இந்தச் சாதனத்தை நினைவில் வை' என்று கொடுத்துவிட்டால் போதும். பலர் பயன்படுத்தும் கணினியில் மட்டும் அதைத் தொடாதீர்கள்.

ஒரே கணக்கை நாலு பேர் பயன்படுத்துகிறோம். யார் ஃபோனில் போடுவது?

முடிந்தவரை அப்படிப்பட்ட கணக்கே இருக்க வேண்டாம். பல சேவைகளில் ஒரே பக்கத்துக்குப் பலரைத் தனித்தனி லாகினில் சேர்க்க முடியும். வழியே இல்லையென்றால், குழுவுக்கான பாஸ்வேர்ட் மேனேஜரில் பாஸ்வேர்டோடு கோடை உருவாக்கும் ரகசியச் சாவியையும் சேர்த்து வைக்கலாம். பாஸ்வேர்டும் கோடும் ஒரே பெட்டியில் இருப்பது சிறப்பான ஏற்பாடு இல்லை என்று சொல்பவர்கள் உண்டு, அது உண்மைதான். ஆனால் ஒருவர் ஃபோனில் மட்டும் வைத்து, மற்ற மூவரும் 'அண்ணா, கோடு அனுப்புங்க' என்று சாட்டில் கேட்டுக்கொண்டிருப்பதைவிட நல்லது. கோடைக் கேட்டு வாங்குவதும் கேட்டால் கொடுப்பதும் பழக்கமாகிவிட்ட குழுவில், வெளியாள் ஒருவர் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். நால்வரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே பாஸ்வேர்டையும் அந்தச் சாவியையும் இரண்டையுமே புதிதாக மாற்றுங்கள்.

'எனக்கு இதெல்லாம் வராது' என்று சொல்பவரை எப்படி அழைத்து வருவது?

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மெயிலில் பன்னிரண்டு படம் ஒட்டி அனுப்புவது இவருக்கு உதவாது.

ஒரே ஒரு விஷயம் சொல்வேன்: அவர் கையிலிருந்து ஃபோனை வாங்காதீர்கள். நாமே டக்டக்கென்று இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொடுத்துவிடலாம், ஆனால் அடுத்த முறை கோடு கேட்கும்போது அவர் மறுபடி தனியாக நிற்பார். வயதில் மூத்த ஒருவரோடு இப்படி உட்கார்ந்தேன். கோடுக்குப் பக்கத்தில் சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் கை நடுங்கியது. அது தீர்வதற்குள் அடிக்காவிட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறார். 'சும்மா விடுங்க சார், தீரட்டும்' என்றேன். தீர்ந்தது. புது எண் வந்தது. அதுவும் தீரட்டும் என்று இன்னொரு முறை விட்டோம். மூன்றாவது எண்ணை அவர் நிதானமாக, ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். உள்ளே போனதும், 'லாக் அவுட் பண்ணு தம்பி, இன்னொரு தடவை போறேன்' என்றார்.

கட்டாயமாக்கலாமா?

கட்டாயமாக்கித்தான் ஆக வேண்டும். விருப்பம் இருந்தால் போடுங்கள் என்று விட்டால், ஏற்கெனவே கவனமாக இருப்பவர்கள் மட்டும் போடுவார்கள்.

ஆனால் அவகாசம் கொடுங்கள். மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் 2022இல் இதை அறிவித்து, 2023 மார்ச் முதல் பயனர்களைத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் 45 நாள் அவகாசம், அதற்கு மேல் ஒரு வாரம் தள்ளிப்போடும் வசதி. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: போட்டு 28 நாள் கழித்து, கோடு இன்னும் சரியாக வேலை செய்கிறதா என்று அவர்களே ஒரு முறை சரிபார்க்கச் சொன்னார்கள். தவறாகப் போட்டவர் வெளியே மாட்டிக்கொள்வதற்கு முன்பே பிடித்துவிடும் வழி அது.

சின்னக் குழுவுக்கு மூன்று வாரம் போதும். முதல் வாரம் தலைவரும் அட்மின்களும், இரண்டாம் வாரம் விரும்பி வருபவர்கள், மூன்றாம் வாரம் மற்றவர்கள். கடைசி நாளை மாத முடிவிலோ பெரிய வேலை ஒப்படைக்கும் வாரத்திலோ வைக்காதீர்கள். இன்னும் போடாதவர்கள் பட்டியலைப் பொதுவில் ஒட்டாமல், ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய்க் கேளுங்கள்.

எல்லோரும் போட்டுவிட்டார்கள். இனி என்ன?

மனிதர்கள் பயன்படுத்தாத கணக்குகளைத் தேடுங்கள். பிரிண்டர் மெயில் அனுப்பவென்று திறந்த கணக்கு, போய்விட்ட ஊழியரின் கணக்கு, சோதனைக்கென்று திறந்து மறந்தவை, பழைய மெயில் மென்பொருளுக்கென்று தனியாக உருவாக்கிக் கொடுத்த ஆப் பாஸ்வேர்ட்கள். ஆப் பாஸ்வேர்ட் இரண்டாம் படியைக் கேட்பதே இல்லை. 2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற பெரிய மருத்துவப் பணப்பரிமாற்ற நிறுவனத்துக்குள் நுழைந்தது, இரண்டாம் படி இல்லாத ஒரே ஒரு தொலைநிலை நுழைவாயில் வழியாகத்தான். நிறுவனத்தின் விதிப்படி அங்கே அது இருந்திருக்க வேண்டும்.

அதோடு மீட்பு ஏற்பாட்டையும் சோதித்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேலை குறைவான ஒரு காலையில், என் ஃபோனை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். பிறகு எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறி, பேக்கப் கோடுகளையும் இரண்டாவது அட்மினையும் மட்டும் வைத்து உள்ளே போக முயல்வேன். போன முறை மெயிலுக்குள் நான்கு நிமிடத்தில் போய்விட்டேன். டொமைன் கணக்குக்குள் போகவே முடியவில்லை, அதன் பேக்கப் கோடுகளை எடுத்தே வைத்திருக்கவில்லை. அன்று மதியம் டிராயரைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பிரிண்ட் எடுத்தேன்.